ஏழாவது தூணில் ஒரு குதி

எங்கள் ஊர்ப் பாலத்தில் ஏழாவது தூணுக்கு நேரே வந்ததும் நாங்கள் எல்லோரும் ஒரு சின்னக் குதி குதிப்போம். நடந்து வருகிறவர்கள் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள், சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தாண்டுவார்கள், தலையில் பூக்கூடை இருக்கிற பெண்கள் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தாமலே தாண்டுவார்கள். தரை சமமாகத்தான் இருக்கிறது, நல்ல கான்கிரீட், ஒரு கீறல் கிடையாது. பார்க்கிற வெளியூர்க்காரர்கள் எங்களுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டுதலும் இல்லை, வெங்காயமும் இல்லை. அந்த இடத்தில் முன்பு இரண்டடி இடைவெளி இருந்தது, அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடைய ஆம்ப்ளிஃபயர்தான்.

நான் சிகாமணி, மஞ்சக்கரையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் குழாய் ஸ்பீக்கர் வழியாகப் போகாத வாக்குறுதி இந்தத் தொகுதியில் கிடையாது. குடைக் கட்சிக்கும் நான்தான், ஊஞ்சல் கட்சிக்கும் நான்தான், இரண்டு பேரும் ஒரே நாளில் கேட்டால் காலையில் ஒருவருக்கு, மாலையில் ஒருவருக்கு. நீலியாற்றின் இந்தக் கரையில் பஸ் ஸ்டாண்டும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன, அந்தக் கரையில் பூந்தோட்டங்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன, நடுவில் தண்ணீர் இருக்கிறது; சாலை வழியாகப் போனால் அணைக்கட்டைச் சுற்றி இருபத்தேழு கிலோமீட்டர். ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிற எவரும் முதலில் சொல்வது பாலம். ஒன்பது தேர்தல், பதினெட்டு வேட்பாளர்கள், அத்தனை பேரும் பாலம் கட்டித் தருகிறேன் என்றார்கள். ஒருவர் உயர்மட்டப் பாலம் என்றார், ஒருவர் இரண்டு பக்கமும் மெர்க்குரி விளக்கு என்றார், ஒருவர் கைப்பிடிச் சுவரில் தாமரை மொட்டு வைத்துத் தருவேன் என்றார், சிங்கப்பூரைப் பார்த்தே இராத ஒருவர் சிங்கப்பூர் மாதிரி என்றார். நாங்களும் ஒவ்வொரு தடவையும் கைதட்டினோம், கைதட்டக் காசா பணமா.

ஒன்பதாவது தேர்தலில் நின்றவர்களில் ஒருவர் காண்டிராக்டர். தொழில் புத்தி போகுமா, மேடையில் நின்றபடியே ஆற்றை நோக்கி விரலை நீட்டி, முதல் தூண் இங்கே, இரண்டாவது தூண் அந்தத் திட்டுக்கு நேரே என்று பதின்மூன்று தூண்களையும் வரிசையாக நட்டுக்கொண்டு போனார். ஏழாவது தூணிலிருந்து எட்டாவது தூணுக்குப் போகிற நேரத்தில் என் ஆம்ப்ளிஃபயரில் ஃப்யூஸ் போயிற்று. ஒரே ஒரு நொடிதான், நான் கம்பியைச் சுற்றிச் சரிசெய்துவிட்டேன், அவரும் விட்ட இடத்தைக் கவனிக்காமல் மேலே பேசிக்கொண்டு போனார்.

ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் காலையில் அக்கரைப் பால்காரர் சூசை எங்கள் தெருவில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, பரிசல் ஓட்டுகிறவர் மறித்து, என் பரிசல்ல ஏறாம நீ எப்படிய்யா வந்தே என்று கேட்டார். "பாலத்து மேலதான் வந்தேன், வேற எப்படி வர்றது, பறந்தா வந்தேன்?" என்று சூசை எரிந்து விழுந்தார். அப்புறம்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பதின்மூன்று தூண்கள், மெர்க்குரி விளக்குகள், தாமரை மொட்டுகள், நடுவில் சிங்கப்பூர் மாதிரி ஒரு பகுதி, அது பளபளவென்று என்னவோ ஒன்றாக இருந்தது, என்னவென்று அன்றைக்கும் தெரியாது இன்றைக்கும் தெரியாது. ஏழாவது தூணுக்கு அப்பால் மட்டும் இரண்டடி வெறும் காற்று. நான் கடைக்குப் போய் ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன்.

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். அவருடைய பதிவேட்டில் அப்படி ஒரு பாலம் இல்லை. பாலத்தின் நடுவில் நின்று 'பாலம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாண்டி அக்கரைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். பஸ் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள், இல்லாத பாலத்துக்கு பர்மிட் தர வழியில்லையாம். அதனால் என்ன, கால் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது. பரிசல்காரர் பாலத்தின் முனையில் சுண்டல் கடை போட்டார். விடியலில் பறித்த பூ வாடாமல் பஸ் ஏறியது. இரண்டு கரைக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், கல்யாணப் பெண்ணை ஏழாவது தூணில் தாய்மாமன் தூக்கித் தாண்டுவது என்று ஒரு முறையே உண்டாயிற்று, தாய்மாமன் ஒல்லியாக இருந்துவிட்டால் அதற்கு ஒரு சண்டையும் உண்டாயிற்று. சாயங்காலம் கம்பி இல்லாமலே விளக்குகள் எரிய, அவற்றின் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ பெரிய வேலையில் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு குறை. நான்கு வருஷம் ஆனால் தரை கொஞ்சம் மெலியும், காலுக்கு அடியில் மீன் ஓடுவது தெரியும். பிறகு தேர்தல் வரும், இன்னும் நல்ல பாலமாகக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள், மறுநாள் தரை கெட்டிப்பட்டுவிடும். மாம்பழத்துக்கு ஒரு சீசன் இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு சீசன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

அந்தப் பாலத்தில் காலே வைக்காத மனிதர் ஊரில் ஒருவர் உண்டு, பேராசிரியர் ஞானப்பிரகாசம். மாவட்டத் தலைநகர்க் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார், பத்திரிகையில் தேர்தல் வாக்குறுதிகளைப் பற்றிக் காரசாரமாக எழுதினார். அவருடைய மனைவி லூர்து டீச்சர் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார், பிறந்த வீடும் அக்கரைதான். கிறிஸ்துமஸ் என்றால் டீச்சர் பத்து நிமிஷத்தில் பாலத்தைக் கடந்து தாய் வீட்டில் குழம்பு கொதிக்க வைத்துவிடுவார், சார் பஸ்ஸில் இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஆறிய சோற்றுக்கு வந்து சேருவார்.

"கூட நடந்து வந்தா என்னங்க, கால் தேஞ்சா போயிடும்?" என்று டீச்சர் கேட்பார்.

"இல்லாததுக்கு மேல நடக்கிறவன் பொருளாதாரம் சொல்லிக் குடுக்கக் கூடாது லூர்து" என்பார் சார். அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஓர் ஆண்டு இடைத்தேர்தல் வந்தபோது இரண்டு வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, என் மைக்கில்தான், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க தர்றேன்னு சொல்ற ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எவ்வளவு ஆகும், அது எங்கேருந்து வரும்னு எழுதுங்க. எழுத முடியாததை மேடையில சொல்லாதீங்க. செய்வீங்களா?" ஊரே கைதட்டியது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார்கள். பாலத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மிக்ஸிக்குத் தெரிந்தது, ஒரு மிக்ஸி இன்ன விலை, தொகுதியில் இத்தனை ரேஷன் கார்டு, பெருக்கினால் தீர்ந்தது. குடைக் கட்சி மிக்ஸி என்றது, ஊஞ்சல் கட்சி மிக்ஸியோடு சுவர் ஃபேன் என்றது, குடைக் கட்சி அதோடு ஓர் ஆடு என்றது. வீடு வீடாக வந்து வேறு என்ன குறை என்று கேட்டபோது எங்கள் ஊர்க்காரர்கள், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சேர்த்துத்தான், "பாலம்தான் இருக்குதுங்களே, ஃபேனைக் கொஞ்சம் பெரிசா குடுங்க" என்று சொல்லி அனுப்பினோம். அந்தத் தேர்தலில்தான் முதல்முதலாகப் பாலம் என்ற சொல் என் குழாய்களில் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை.

பேராசிரியர் என் கடைக்கு வந்து ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். "நான் கேட்டது இது இல்ல சிகாமணி. வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போற பொருளுக்கு ஆளாளுக்குக் கை நீளுது. நடுவுல கிடக்கிற பொதுப் பொருளுக்குக் கை நீட்ட ஆளே இல்ல. இதுக்கு நானே கணக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

"மிக்ஸியை ஏளனமா பேசாதீங்க சார். அம்மியில அரைச்சு அரைச்சு என் சம்சாரத்துக்கு மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. அவ அதுக்காகத்தான் ஓட்டுப் போடப் போறா" என்றேன் நான்.

"மணிக்கட்டுக்கும் கணக்கு உண்டு, நான் இல்லேங்கல" என்றார். "ஆனா நாலு வீட்டு மணிக்கட்டு ஒண்ணா சேர்ந்து கேக்க வேண்டியதும் ஒண்ணு இருக்குல்ல." எனக்கு அப்போது அது பாதிதான் புரிந்தது.

பிரசாரம் முடிகிற கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு எல்லா மைக்கும் ஓய வேண்டும், அதற்குப் பிறகு ஓட்டுப்பதிவு வரைக்கும் யாரும் பேசக் கூடாது. ஆற்றங்கரைத் திடலில் ஊஞ்சல் கட்சியின் நிறைவுக் கூட்டம். வேட்பாளர் ஃபேனின் மூன்று இறக்கைகளையும் ஒவ்வொன்றாக விவரித்துக்கொண்டிருந்தார். நாலரை மணிக்கு நான் தற்செயலாக ஆற்றைப் பார்த்தேன். பாலத்தின் தாமரை மொட்டுகள் ஒன்றுகூட இல்லை. சிங்கப்பூர்ப் பகுதி மங்கி, பின்னாலிருந்த தோப்பு அதன் வழியாகத் தெரிந்தது. பாலத்தில் இருந்தவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு கிட்டத்தில் இருந்த கரைக்கு ஓடினார்கள், ஓட முடிந்தவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள், முட்டிவலிக்காரியான லூர்து டீச்சர் மட்டும் பள்ளிக்கூடப் பையும் குடையுமாக நட்டாற்றில், ஒன்பதாவது தூணுக்கு நேரே, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பதின்மூன்றாவது தூண் போயிற்று, பிறகு பன்னிரண்டாவது போயிற்று. கீழே ஆடிப் பெருக்குத் தண்ணீர் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது, பரிசல் சுண்டல் கடைக்குப் பின்னால் ஓட்டை விழுந்து கிடந்தது. அந்த நிமிஷத்தில்தான் இத்தனை வருஷமும் அந்தப் பாலம் எதைத் தின்று உயிரோடு இருந்தது என்று எனக்கு உறைத்தது. திடலில் கடைசி வரிசையில் நின்ற பேராசிரியருக்கும் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடி வந்தார்.

தன்னைப் பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்து வேட்பாளர் சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார். சார் வாங்கினார். மூச்சு வாங்கியது.

"பெரியோர்களே, மண் பரிசோதனை சாதகமா இருக்கும் பட்சத்தில், அரசு நிதி ஒதுக்கும் பட்சத்தில், இந்த ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் அமைப்பது குறித்துப் பரிசீலிக்கலாம்..."

பதினோராவது தூண் போயிற்று. கூட்டம் 'ஐயோ' என்றது.

நான் மேடைக்குக் கீழே இருந்து கத்தினேன். "சார், நிபந்தனையெல்லாம் வேணாம் சார்! தர்றேன்னு சொல்லுங்க!"

"என்கிட்ட இல்லையே சிகாமணி" என்றார், அது எட்டுக் குழாயிலும் எதிரொலித்தது.

"அவங்ககிட்டயும்தான் இல்ல! சொல்லுங்க சார்!"

அவர் ஆற்றைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பிறர் சொல்லக் கூடாது என்று எழுதிவந்ததைத் தானே சொல்லப்போகிற மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"லூர்து" என்றார் மைக்கில். "நீ நடக்கிற அளவுக்கு ஒரு பாலம் நான் கட்டுவேன். எங்கேருந்து, எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா கட்டுவேன். நான் கட்டுவேன் லூர்து."

பத்தாவது தூண் நின்றது. போன தூண்கள் மீளவில்லை, விளக்குகள் மீளவில்லை, அகலமும் மீளவில்லை. டீச்சரின் காலுக்கு முன்னால் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, கைப்பிடியும் இல்லாமல், ஆனால் நல்ல கெட்டியாக, ஒரு தடம் எங்கள் கரை வரைக்கும் ஓடி வந்து நின்றது. அவரால் இந்த அளவுக்கு மேல் மனதறிந்து சொல்ல முடியவில்லை, பாலமும் அந்த அளவே வந்தது. டீச்சர் அதன்மேல் நடந்து ஏழாவது தூணுக்கு வந்தார். அங்கே என்னுடைய பழைய இடைவெளி, அப்போது நாலடிக்கு விரிந்து போயிருந்தது. அவர் முட்டிக்கு அது முடியாது. டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

சார் மைக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினார். பதினாறு வருஷமாக இல்லை இல்லை என்று சொன்ன பாலத்தில் முதல்முறையாகக் கால் வைத்து, கீழே ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஓடினார். கீழே விழுந்த மைக்கை நான் எடுத்தேன். நாற்பது வருஷத் தொழிலில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பதைத் தவிர நான் மைக்கில் வேறு எதுவும் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "சார் சொன்னாரு, கட்டுவாரு. நாங்களும் கூட நிப்போம், கட்டுவோம்" என்றேன், மறுபடியும் அதையே சொன்னேன், திடலில் இருந்த ஊஞ்சல் கட்சிக்காரர்களும், வேடிக்கை பார்க்க வந்த குடைக் கட்சிக்காரர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள், என் சம்சாரம் வீங்கிய கையை உயர்த்திக்கொண்டு சொன்னாள். நாலடி மெல்ல இரண்டடியாயிற்று. சார் இந்த ஓரத்தில் நின்று கையை நீட்டினார். டீச்சர் பையைத் தூக்கி முதலில் அவரிடம் கொடுத்தார், பிறகு குடையைக் கொடுத்தார், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். காவலுக்கு நின்ற எஸ்.ஐ. கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன், அவர்கள் இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் கரையேறினார்கள்.

கரையேறியதும் டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு கால் செருப்பு எங்கங்க?" என்றார். பிறகுதான் அழுதார்.

ஊஞ்சல் கட்சி ஜெயித்தது. மிக்ஸி வந்தது, ஃபேன் வந்தது, என் சம்சாரத்துக்கு மணிக்கட்டு சரியாயிற்று. ஒற்றையாள் தடம் மட்டும் ஆற்றின்மேல் நின்றது, அக்கரைப் பக்கம் விட்டுப்போன இடத்தில் நாங்கள் மூங்கில் கட்டிக்கொண்டோம். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும், அதனால் ஊரில் பாதிப் பகை தீர்ந்தது, மீதிப் பாதி புதிதாக முளைத்தது. கட்டுரை எழுதுவதை விட்டுவிட்டுப் பேராசிரியர் மனு எழுத ஆரம்பித்தார். மண் பரிசோதனை செய்ய வைத்தார், மதிப்பீடு போட வைத்தார், எந்தத் தொகையை எங்கே குறைத்தால் பாலத்துக்கு வரும் என்று அவரே எழுதிக்கொண்டுபோய் ஒவ்வொரு மேஜையிலும் வைத்தார். நாங்கள் முறை வைத்து அவருடன் போனோம். காய்ச்சல் என்று அவர் வீட்டில் படுத்துவிட்டால் தடத்தின் வழியாக மீன் தெரியும், உடனே யாராவது கஞ்சியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடுவார்கள். ஒன்பது வருஷம் ஓடிற்று. கான்கிரீட் பாலம் வந்தது. கடைசித் தூணுக்குத் தளம் போட்ட அன்று அந்த ஒற்றைத் தடம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது, நாங்கள் அதைக் கவனிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

புதுப் பாலத்தில் பஸ் போகிறது, லாரி போகிறது, ஆம்புலன்ஸ் போகிறது. நல்ல பாலம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கம்பியில்லாமல் எரிந்த அந்த விளக்குகளையும், என்னவென்றே தெரியாத அந்தச் சிங்கப்பூர்ப் பளபளப்பையும் நினைத்துக்கொள்ளாத நாள் எனக்கு இல்லை. ஏழாவது தூணில் நாங்கள் எல்லோரும் இன்னும் குதிக்கிறோம், சாரைத் தவிர. அவர் திறப்பு விழா நாளிலிருந்தே நேராகத்தான் நடப்பார், "காசு குடுத்துக் கட்டினதுல ஓட்டை கிடையாது" என்பார்.

போன மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் மூன்று பேருமாக அக்கரைக்கு நடந்தோம். டீச்சருக்கு இப்போது முட்டி மிகவும் மோசம், பேச்சும் குறைந்துவிட்டது. ஏழாவது தூண் வந்தது. நான் குதித்தேன். டீச்சர் நின்றுவிட்டார். குனிந்து கான்கிரீட்டைப் பார்த்தார், ஒரு காலை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை, கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுபத்தாறு வயதில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடியைக் குதித்துத் தாண்டினார். இந்தப் பக்கம் நின்று திரும்பி, கையை நீட்டினார்.

"சார்" என்றேன் மெதுவாக. "அங்க ஒண்ணுமில்ல சார், சமமாத்தான் இருக்கு."

"தெரியும் சிகாமணி" என்றார். "நீ அந்தப் பையை வாங்கிக்க."